மூக்கு வழியாகவும் மூச்சு வழியாகவும் மருந்து: பம்பும் ஸ்ப்ரேயும் எப்படி வேலை செய்கின்றன?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கரும்பு எரிக்கும் மாதங்களைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெட்டுவதற்கு முன்னால் தோகையைக் கொளுத்துவார்கள், சாயங்காலத்துக்குள் கொடியில் காயும் துணியெல்லாம் கறுப்புக் கறுப்பாகச் சாம்பல் விழுந்து கிடக்கும். அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் நெஞ்சை இறுக்குவது அது இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய சாம்பல் துணுக்கு மூக்கு முடியிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும், மிஞ்சிப் போனால் தொண்டை வரை போகும். தனித்தனித் துகளாகக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய புகைதான் நுரையீரலின் அடிவரை இறங்கி, ஆஸ்துமா உள்ளவர்களை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் உட்கார வைக்கிறது.

மருந்தை மூக்குக்கோ நுரையீரலுக்கோ அனுப்புவதும் இதே கணக்கில்தான் நடக்கிறது. என்ன மருந்து என்பது பாதி விஷயம்தான், அது எத்தனை பெரிய துளியாக, எந்த வேகத்தில் உள்ளே போகிறது என்பது மீதிப் பாதி. ஒரே மருந்து, துளி பெரிதானால் மூக்கிலேயே நின்றுவிடும், கொஞ்சம் சிறிதானால் தொண்டையில் ஒட்டும், இன்னும் சிறிதானால் மூச்சுக்குழாயின் சின்னக் கிளைகளுக்குள் போகும். டர்பனில் நம் ஆட்கள் நிறையப் பேர் பையில் பம்ப், அதாவது ஆஸ்துமா மருந்தை வாயால் இழுக்கும் இன்ஹேலர், வைத்திருக்கிறார்கள், அதைச் சரியாக இழுக்கிறவர்கள் குறைவு. அது அவர்கள் தப்பு இல்லை. கூட்டமான கிளினிக்கில் யாருக்கும் உட்கார வைத்துக் காரணத்தோடு சொல்லித்தர நேரம் கிடைப்பதில்லை. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், மாத்திரையை ஏன் விழுங்கிவிடக் கூடாது? விழுங்கலாம். ஆனால் விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. உள்ளே வரும் அந்நியப் பொருளை உடைத்துப் போடுவது கல்லீரலின் வேலை, அது மருந்து என்று பார்த்து விட்டுவைக்காது. அதைத் தாண்டி மிஞ்சியதுதான் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி, அதில் ஒரு சின்னப் பங்கு நுரையீரலைத் தொடுகிறது. அதனால் நெஞ்சுக்குக் கொஞ்சம் மருந்து போய்ச் சேர, உடம்பு முழுவதற்கும் நிறைய மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நீல பம்பில் இருக்கும் சால்புட்டமாலை எடுத்துக்கொள்வோம். ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், இரண்டு முறை என்றால் 200. பெரியவர்கள் விழுங்கும் சால்புட்டமால் மாத்திரை வழக்கமாக 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இருபது மடங்கு! மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகலாம், கையும் நடுங்கும், நெஞ்சும் படபடக்கும். பம்ப் ஐந்து நிமிஷத்துக்குள் மூச்சைத் தளர்த்த ஆரம்பித்துவிடும். "பம்ப் வந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம், அதுவரை மாத்திரையிலும் சிரப்பிலும் ஓட்டுவோம்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மை இதற்கு நேர் எதிர். இருக்கிறதிலேயே குறைந்த மருந்தை நேராகத் தேவையான இடத்தில் வைப்பது பம்ப்தான். பிள்ளைக்கு அது முதலில் வர வேண்டியது, கடைசியில் இல்லை.

சரி, நுரையீரலுக்கு உள்ளே என்ன இருக்கிறது? கழுத்தில் ஒரு குழாயாகத் தொடங்குவது நெஞ்சில் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, இப்படி ஏறத்தாழ 23 முறை பிரிந்து பிரிந்து கடைசியில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றறைகளில் போய் முடிகிறது. குறைந்தது 30 கோடி காற்றறைகள் என்று சொல்கிறார்கள். அவற்றையெல்லாம் விரித்துப் போட்டால் 70 முதல் 100 சதுர மீட்டர் வரை வரும். ஒவ்வொரு காற்றறைக்கும் அதைச் சுற்றி ஓடும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அத்தனை மெல்லிய சுவருக்குப் பின்னால், இதயம் தள்ளும் ரத்தம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் மூச்சு வழியாகப் போகும் எதுவும் அவ்வளவு வேகமாகத் தாக்குகிறது. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஈதர் ஆவியை மூச்சில் இழுக்க வைத்து, ஒருவருக்கு வலி தெரியாமல் கழுத்துக் கட்டியை எடுத்துக் காட்டியதிலிருந்து மயக்க மருந்து இந்த வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. சிகரெட்டில் இழுத்த நிக்கோட்டின் பத்து இருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுவதும் இதே பாதையில்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ குடும்பங்களை நாசமாக்கிய சுகர்ஸ் என்ற போதைப்பொருள் அப்படிப் பிடித்துக்கொள்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஹெராயின் கலந்த அதைப் புகையாக இழுக்கிறார்கள், கல்லீரல் என்ற தடுப்பே வழியில் இல்லை, மூளை அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. பாதை ஒன்றுதான். நல்லதும் அதில்தான் போகிறது, கெட்டதும் அதில்தான் போகிறது.

இப்போது துளியின் அளவுக்கு வருவோம், இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பத்து மைக்ரானுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும், வாய் வழியாக இழுத்தாலும் தொண்டையைத் தாண்டாது. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருந்தால் தொண்டையிலும் பெரிய குழாய்களிலும் விழும். ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் வரை உள்ள துளிகள்தான் சின்னக் குழாய்களுக்குள் இறங்கும், பம்பைத் தயாரிக்கிறவர்கள் குறி வைப்பதும் இந்த அளவைத்தான். அரை மைக்ரான் அளவுக்குப் போய்விட்டால் அது எங்கும் ஒட்டாமல் காற்றோடு மிதந்து, வெளியே விடும் மூச்சிலேயே நிறைய திரும்பி வந்துவிடும்.

ஏன் அப்படி? என்2 சாலையிலிருந்து இறங்கும் வளைவில் ஒரு பாரம் ஏற்றிய லாரி வேகமாக வந்தால் திரும்ப முடியாமல் நேராகப் போய் ஓரத்தில் மோதும், அதே வளைவில் சின்னக் கார் சுலபமாகத் திரும்பிவிடும். தொண்டையின் பின்பக்கம் அப்படி ஒரு வளைவு இருக்கிறது, வாயிலிருந்து வரும் காற்று அங்கே சட்டென்று கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். பெரிய துளியும் வேகமான துளியும் திரும்ப முடியாமல் சுவரில் மோதி நின்றுவிடும். வளைவைத் தாண்டிய சின்னத் துளிகள் உள்ளே போகப் போகக் காற்றின் வேகம் குறையும், அப்போது அவை மெதுவாகக் கீழே படியும். படிவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பம்பை இழுத்த பிறகு பத்து வினாடி மூச்சைப் பிடித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான், அது சம்பிரதாயம் இல்லை. உடனே மூச்சை விட்டால் இன்னும் படியாத மருந்து வெளியே போய்விடும்.

பம்ப் பிறந்த கதையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 1950களில் ஆஸ்துமா மருந்தைக் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் கருவியில் கையால் அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டியிருந்தது, அது உடையும், ஒழுகும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு மருந்து வரும். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா, வயது பதின்மூன்று. தலைமுடி ஸ்ப்ரே மாதிரி ஒரு டப்பாவில் என் மருந்தையும் அடைக்க முடியாதா என்று அந்தப் பெண் கேட்டதாகச் சொல்வார்கள். 1956இல் முதல் பம்ப் கடைக்கு வந்தது. இன்றைக்கும் அமைப்பு அதேதான்: அழுத்தத்தில் திரவமாக இருக்கும் ஒரு வாயுவில் மருந்து கலந்திருக்கும், அழுத்தினால் ஒரு சின்ன அறையில் அளந்து வைத்த மருந்து மட்டும் பீறிட்டு வெளியே வரும், வாயு உடனே ஆவியாகி நுண்ணிய துளிகளை விட்டுச் செல்லும். முன்பு இருந்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக மாற்றிவிட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மருந்து மிக வேகமாக வெளியே வருகிறது. லாரியும் வளைவும் நினைவிருக்கிறதல்லவா, பெரும்பங்கு தொண்டையின் பின்சுவரில் போய் அடித்து, எச்சிலோடு வயிற்றுக்குப் போகிறது. சரியாக இழுக்கத் தெரிந்தவருக்கே பத்திலிருந்து இருபது சதவீதம்தான் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுவும் இல்லை. மருந்துக் கடைக் கவுன்டரில் "எனக்கு பம்ப் கேட்கவே மாட்டேங்குது, வேற எழுதித் தரச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லும் ஆன்ட்டியிடம் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தால் போதும், அழுத்தி முடித்த பிறகு மூச்சை இழுப்பார், அல்லது மூக்கால் இழுப்பார், வாயிலிருந்து வெள்ளைப் புகை திரும்பி வரும். அந்தப் புகைதான் அவருக்குப் போக வேண்டிய மருந்து.

சரியான முறை இது. நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை பம்பின் வாயைச் சுற்றி இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கி, இழுக்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே ஒரே ஒரு தடவை அழுத்தி, தொடர்ந்து ஐந்து வினாடி அளவுக்கு மெதுவாக இழுத்துக்கொண்டே போய், பத்து வினாடி பிடித்து வைக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கு முன் அரை நிமிஷமாவது விட்டு, மறுபடி குலுக்க வேண்டும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூச்சுத் திணறும்போது வேகமாக இழுக்கத்தான் தோன்றும், ஆனால் வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

ஒத்துப்போக வைப்பது கடினம் என்றால், அதற்கு ஸ்பேசர் இருக்கிறது. பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வெற்றுக் குழாய், அவ்வளவுதான். பம்பிலிருந்து பீறிட்ட மருந்து அந்த வெற்றிடத்தில் வேகம் குறைந்து நிற்கும், பெரிய துளிகள் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், வாய்க்கு வருவது மெதுவான சின்னத் துளிகள் மட்டும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது இல்லாமல் பம்ப் கொடுப்பதே வீண் என்பது என் கருத்து.

ஸ்பேசருக்கு விலை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இங்கேதான் தென்னாப்பிரிக்கா உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லித் தந்தது, அதை நம் வீடுகளில் நிறையப் பேருக்குத் தெரியாது. கேப் டவுனில் குழந்தைகள் மருத்துவர் ஹெதர் ஸாரும் அவரோடு வேலை செய்தவர்களும், ஆஸ்துமா வந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளுக்கு, கடையில் வாங்கிய ஸ்பேசர் ஒரு பக்கம், 500 மில்லி பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில் இன்னொரு பக்கம், தெர்மோகோல் கப் வேறொரு பக்கம் என்று வைத்து மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: ஓட்டையைச் சுற்றி நன்றாக அடைத்த பாட்டில், கடை ஸ்பேசருக்குச் சமமாக மூச்சைத் தளர்த்தியது. அடைக்காத பாட்டில் அதைவிடக் குறைவு, தெர்மோகோல் கப் எல்லாவற்றிலும் குறைவு. குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் பாட்டில்! இந்த நாட்டு அரசு சிகிச்சை வழிகாட்டிகளிலும் அந்த பாட்டில் ஸ்பேசர் இடம் பிடித்திருக்கிறது.

செய்வது கஷ்டமில்லை. பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் பம்பின் வாய் சரியாக நுழையும் வடிவத்தில் ஒரு ஓட்டை வேண்டும், பம்பின் வாயளவுக்கு வளைத்த கம்பியைச் சூடாக்கி அழுத்தி எடுப்பார்கள், இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பம்பைச் செருகிய பிறகு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும், அந்த ஆய்வு சொன்னதும் அதைத்தானே. பிள்ளை பாட்டிலின் கழுத்தை வாயில் வைத்துக்கொள்ளும், ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த அழுத்தல். ஒரேயடியாக நாலைந்து தடவை அழுத்தி வைத்துவிட்டு இழுத்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி ஸ்பேசருக்குள்ளேயே தங்கிவிடும். கழுவிய ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். தானாகக் காயட்டும்.

பொடியாக வரும் இன்ஹேலர்களும் உண்டு, திருகுவது, கேப்ஸ்யூல் போட்டு ஓட்டை குத்துவது என்று பல வகை. இவற்றில் வாயு கிடையாது, பொடியைக் கிளப்பி நுண்துகளாக உடைப்பது உங்கள் மூச்சின் பலமே. அதனால் இங்கே விதி தலைகீழ்: வேகமாக, ஆழமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒருவரிடம் இரண்டு வகையும் இருந்து, இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால், ஏதாவது ஒன்று கட்டாயம் வீணாகிறது. பொடி வகைக்குள் ஊதவும் கூடாது, ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும், டர்பன் கோடைக்கால ஈரக்காற்றில் இது எளிதில் நடக்கும், குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள்.

நெபுலைசர் பற்றி ஒரு நம்பிக்கை இருக்கிறது, மெஷின் என்றால் பலம் என்று. அது அழுத்தக் காற்றை விட்டுத் திரவ மருந்தைப் பனியாக்குகிறது, முகமூடியைப் போட்டு அஞ்சு பத்து நிமிஷம் மூச்சு விட்டால் போதும், நோயாளி எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம், அதுதான் அதன் வசதி. ஆனால் சாதாரண ஆஸ்துமா அட்டாக்கில் ஸ்பேசரோடு பல தடவை கொடுக்கும் பம்ப் அதே அளவுக்கு வேலை செய்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் போனாலோ, வீட்டில் மெஷினைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பம்பையும் ஸ்பேசரையும் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நீலத்துக்கும் மற்ற நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீல பம்ப் இறுகிய குழாயைத் தளர்த்தும், நாலைந்து மணி நேரத்துக்கு. குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அதைத் தணிப்பது பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும் ஸ்டீராய்டு பம்ப், தினமும் எடுக்க வேண்டியது, உடனே எதுவும் தெரியாது என்பதால் எல்லோரும் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். நீலத்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜைனா 2019இலிருந்து வெளிப்படையாகச் சொல்கிறது. ஸ்டீராய்டு என்று கேட்டதும் பயப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் போட்ட கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள், மாத்திரையில் மில்லிகிராம், பம்பில் மைக்ரோகிராம். தொண்டையில் ஒட்டிக்கொண்ட பங்கு வாயில் வெள்ளைப் பூஞ்சையை வளர்க்கும், எனவே இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

இனி மூக்கு. நுரையீரலுக்குப் போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டுவதற்கென்றே அமைந்தது அது. உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதால் சின்ன இடத்திலேயே சுமார் 150 சதுர சென்டிமீட்டர் பரப்பு, மெல்லிய தோல், அடியில் நெருக்கமான ரத்தக் குழாய்கள். மூக்கு ஸ்ப்ரேயில் துளிகளை வேண்டுமென்றே பத்து மைக்ரானுக்கு மேலே பெரிதாக வைக்கிறார்கள், நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்பதால். இரண்டு எல்லைகள் உண்டு. ஒரு துவாரத்துக்கு 0.1 அல்லது 0.15 மில்லிக்கு மேல் தாங்காது, மீதி தொண்டைக்கு வழிந்துவிடும். அப்புறம், மூக்கின் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும் நுண்ணிய இழைகள் சளியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, பதினைந்து இருபது நிமிஷத்தில் எல்லாம் தொண்டைக்குப் போய்விடும். அதற்குள் உறிஞ்சப்படும் மருந்து, அதுவும் மிகச் சிறிய அளவில் வேலை செய்யும் மருந்துதான் இந்த வழிக்குப் பொருத்தம்.

தும்மல், மூக்கடைப்பு, அலர்ஜிக்கான ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறையப் பேர் தலையை மேலே தூக்கி, அடித்து, உறிஞ்சி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் தொண்டையில் கசப்பாக இறங்கும், மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையும் வலது மூக்குக்கு இடது கையும் பயன்படுத்தினால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் திரும்பத் திரும்ப அடித்தால் ரத்தம் கசியும். அடித்த பிறகு மெல்ல மூச்சு விட்டால் போதும். ஒரு வாரம் இரண்டு வாரம் விடாமல் எடுத்த பிறகுதான் முழுப் பலன் தெரியும்.

அடைப்பை இரண்டே நிமிஷத்தில் திறக்கும் ஸ்ப்ரேக்கள் வேறு ஜாதி. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று டப்பாவில் போட்டிருக்கும். இவை மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஐந்து நாளைக்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும், மறுபடி அடிக்க வேண்டும், அது மறுபடி வீங்கும். சளி போய் மாதக்கணக்கான பிறகும் தலையணைக்கடியில் ஸ்ப்ரே வைத்துத் தூங்குகிறவர்களுக்கு நோய் சளி இல்லை, அந்த ஸ்ப்ரேதான்.

மூக்கை வெறும் வாசலாக வைத்து உடம்பு முழுவதற்கும் மருந்து அனுப்புவதும் வளர்ந்து வருகிறது. ஒற்றைத் தலைவலியில் வாந்தி எடுக்கிறவருக்கு மாத்திரை தங்காது, சுமட்ரிப்டான் மூக்கு ஸ்ப்ரே தங்கும். ஹெராயின் அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் நாலோக்சோன் மூக்கு ஸ்ப்ரேக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி தந்தது, ஊசி போடத் தெரியாத தாயோ தம்பியோகூட அதைக் கொடுத்துவிடலாம். கடும் அலர்ஜிக்கு ஊசியாக மட்டுமே இருந்த அட்ரினலினும் அங்கே 2024இல் மூக்கு ஸ்ப்ரேயாக வந்துவிட்டது.

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் இருக்கும் அளவுக்கு, இன்சுலினை ஊசி இல்லாமல் இழுக்க முடியாதா என்று கேட்காதவர் இல்லை. முடியும். ஃபைசர் நிறுவனம் எக்ஸுபெரா என்ற இழுக்கும் இன்சுலினை 2006இல் கொண்டுவந்து, 2007இலேயே நிறுத்திவிட்டது, அதில் சுமார் 280 கோடி டாலரைக் கணக்கில் இழந்தது. கருவி பெரிது, விலை அதிகம். உறிஞ்சப்படுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான், மீதி வீண். அளவும் குழப்பம்: 1 மில்லிகிராம் பொட்டலம் சுமார் 3 யூனிட், ஆனால் 3 மில்லிகிராம் பொட்டலம் 9 இல்லை, 8. யூனிட்டில் பழகிய நோயாளிக்கு இது ஆபத்தான கணக்கு. புகை பிடிக்கிறவர்களின் நுரையீரல் இன்சுலினை அதிகமாக உறிஞ்சும், அதனால் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. 2014இல் சின்னக் கருவியோடு அஃப்ரெஸா என்ற இழுக்கும் இன்சுலினுக்கு அனுமதி கிடைத்தது, இன்றும் அமெரிக்காவில் இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடாது. நுரையீரலின் சுவர் மெல்லியது என்பதால் எல்லா மருந்தையும் அந்த வழியில் அனுப்பிவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வீட்டு வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். ஆவி பிடித்தால் மூக்கு இளகும், இதமாக இருக்கும், ஆனால் அது மூக்கையும் தொண்டையையும் தாண்டி எந்த மருந்தையும் நுரையீரலுக்குக் கொண்டுபோவதில்லை, ஆஸ்துமாவை அது தீர்க்காது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிள்ளையைக் குனிய வைக்காதீர்கள், தண்ணீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகள் நிறைய. விக்ஸை மூக்குத் துவாரத்துக்குள் தடவக் கூடாது, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அறவே கூடாது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா தண்ணீரில் இருந்தால், மூக்கின் மேற்கூரையில் உள்ள மோப்ப நரம்பு வழியாக நேரே மூளைக்கு ஏறிவிடும். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம். ஒரு நிமிஷமாவது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும்.

சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி, எல்லாமே நுண்துகள்தான், மூடிய அறையில் பிள்ளையின் பம்ப் செய்த வேலையைக் கெடுத்துவிடும். சாமிக்கு விளக்கு போதும், அல்லது ஜன்னலைத் திறந்து வையுங்கள். தைப்பூசக் காவடிக்குப் போகும்போதும், புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதும் நீல பம்ப் பையில் இருக்கட்டும், கூட்டத்தில் புகை வரும்போது வீட்டுக்கு ஓடி எடுத்துவர முடியாது.

வீட்டுக்குள் நாம் ஜன்னலைத் திறக்கலாம், ஆனால் தெற்கு டர்பனில் ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மெர்பாங்க், வென்ட்வொர்த் பகுதி மக்கள் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு காகித ஆலைக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். மெர்பாங்க் செட்லர்ஸ் பள்ளிப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா இருந்தது. அந்தத் தாய்மார்களிடம் பம்பைச் சரியாக இழுக்கச் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது, அவர்கள் நல்ல காற்றுக்காகப் போராடியது முழுக்க நியாயம்.

கடைசியாக ஒன்று, கவுன்டரில் தினமும் கேட்பது: பம்ப் காலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம், அதை நம்பாதீர்கள், மருந்து வரும் துளையும் அடைத்துக்கொள்ளும். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும். எண்காட்டி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லை என்றால் கணக்குப் போடுங்கள்: பெரும்பாலான பம்பில் 200 அழுத்தல், தினமும் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்றால் ஐம்பது நாள். திறந்த தேதியை டப்பாவின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். நீல பம்ப் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகிறது என்றால், புதிதாக இன்னொன்று வாங்குவதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள், பையில் எல்லா பம்பையும் எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.